பெட்ரோல் கார் மிஸ் அடிக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

"மிஸ் அடிக்குது", "ஜெர்க் ஆகுது", "இழுவையே இல்லை" என்று பட்டறைக்கு வரும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு ஒன்றுதான். ஏதோ ஒரு சிலிண்டர், எல்லா நேரமுமோ சில நேரம் மட்டுமோ, எரியாமல் விடுகிறது. அதற்குப் பிளக் மாற்றி, காயில் மாற்றி, இன்ஜெக்டர் சர்வீஸ் செய்து, ஒரு சென்சாரும் மாற்றி, பத்துப் பதினைந்தாயிரம் போன பிறகும் மிஸ்ஸிங் அப்படியே இருக்கும் வண்டிகளை அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. எந்தச் சிலிண்டர், எந்த நேரத்தில் என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரியும்வரை எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

கீழே உள்ளது பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டும். டீசலுக்கு ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, அதற்கு மின்சாரம் தரும் காயிலும் கிடையாது. அதன் வழி வேறு. விலைகள் சிறிய ஹேட்ச்பேக், செடான் வண்டிகளுக்குத் தோராயமாகச் சொன்னவை. ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ப்ளூடூத் வழியாகப் போனில் இணையும் சாதாரண ஈஎல்எம் 327 வகை 500 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருக வேண்டும். பிஎஸ் 4 காலத்தின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் வந்த வண்டிகள் அநேகமாக எல்லாவற்றிலும் வேலை செய்யும்.

ஸ்கேனரில் பி0301 முதல் பி0304 வரை எந்த கோடு (கோளாறுக்கான குறியீட்டு எண்) வந்தாலும் அதன் கடைசி எண்தான் மிஸ் ஆகும் சிலிண்டர். பி0300 என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்கள் மாறி மாறி விடுகின்றன. பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். சில ஐரோப்பிய வண்டிகளில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். இது தெரியாமல் நல்ல சிலிண்டரைப் பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு, அதனால் உங்கள் வண்டிக்கு எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோடு அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் இருந்தது, சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று அதில் இருக்கும். நேரம் என்ற பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். செக் இன்ஜின் லைட்டை அணைப்பதற்காகப் பேட்டரி ஒயரைக் கழற்றினால் இந்தப் பதிவு போய்விடும், அதனால் அதைச் செய்யாதீர்கள். மெக்கானிக் செய்யப் போனாலும் தடுத்துவிடுங்கள்.

## செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிகிறது

நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பாதையில் இறங்கி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் பீங்கான் கூடு அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். 2,000 ரூபாய் காயிலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, 30,000 முதல் 80,000 வரை போகும் கன்வெர்ட்டரில் கொண்டுபோய் விடுவது இப்படித்தான்.

"வீடு பத்து கிலோமீட்டர்தானே" என்று பலரும் ஓட்டிவிடுகிறார்கள். ஆக்சிலேட்டரை லேசாக வைத்ததும் மின்னுவது நின்றுவிட்டால், நாற்பதைத் தாண்டாமல் அருகில் உள்ள பட்டறை வரை போகலாம். நிற்காவிட்டால் டோ வண்டிதான். இன்சூரன்ஸில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் அந்தச் செலவும் இருக்காது, பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

## சிக்னலில் நிற்கும்போது நடுங்குகிறது, ஓட்டும்போது சரியாக இருக்கிறது

முதலில் இது மிஸ்ஸிங்தானா என்று பாருங்கள். சைலன்சர் வாயில் கையை ஓரடி தள்ளிப் பிடியுங்கள். காற்று சீராக அடித்துக்கொண்டே இருந்தால் எல்லாச் சிலிண்டரும் எரிகின்றன. இடையிடையே "பப்" என்று விட்டுப் போனால் மிஸ்ஸிங். மூன்று சிலிண்டர் வண்டிகளுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் நடுக்கம் உண்டு. ஏசி போட்டதும் அது கூடுவதும் இயல்பு.

காற்று சீராக வருகிறது, கோடும் இல்லை, ஆனாலும் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றால் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டைப் பாருங்கள். ரப்பர் வெடித்திருக்கும், உள்ளே எண்ணெய் உள்ள வகையென்றால் எண்ணெய் கசிந்திருக்கும். ஒன்று 1,200 முதல் 4,000 வரை. முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் உதறினால் அது கிளட்ச். இந்த இரண்டையும் மிஸ்ஸிங் என்று நினைத்துப் பிளக் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய.

மிஸ்ஸிங்தான் என்று தெரிந்துவிட்டால்:

காற்று எங்காவது தப்பாக உள்ளே போகிறதா? செலவில்லாத காரணம் இதுதான். ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கீழ்ப்பக்கத்தில் கீறல் இருக்கும், மேலிருந்து தெரியாது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், பிசிவி வால்வ் குழாய் இரண்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது ஐடில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும் வேகம்) மாறினால் இடம் கிடைத்துவிட்டது. "ஸ்ஸ்" என்ற சத்தத்தைப் பிடிக்கக் காதில் ஒரு குழாய்த் துண்டை வைத்துக் கேட்கலாம். கார்பரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. சூடான மேனிஃபோல்டில் அது தீப்பிடிக்கும், வீட்டில் வேண்டாம்.

ஸ்கேனர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது) என்ற எண் ஐடிலில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் சாதாரண அளவுக்கு இறங்கினால் அது காற்றுக் கசிவு. ஐடிலில் சரியாக இருந்து, ஏற ஏறக் கூட்டலில் போனால் பெட்ரோல் வரத்தில் குறை. இந்த ஒரு பரிசோதனைக்காகவே ஸ்கேனர் வாங்கலாம்.

த்ராட்டில் பாடி, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு உள்ள பாகம். ஓரத்தில் கரி படிந்தால் ஐடில் ஆடும். கழற்றிச் சுத்தம் செய்ய 500 முதல் 1,200. எலெக்ட்ரானிக் த்ராட்டிலில் தகட்டைக் கையால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் கெட்டுவிடும். சுத்தம் செய்தபின் ஸ்கேனரில் ரீசெட் செய்ய வேண்டியிருக்கும், அதைச் செய்யத் தெரிந்த இடத்தில் கொடுங்கள்.

ஒரே சிலிண்டர் கோடு வருகிறது. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

## எப்போதும் ஒரே சிலிண்டர்தான் மிஸ் ஆகிறது

இதுதான் அதிகம் வருவது, எளிதில் பிடிபடுவதும் இதுதான். எதையும் வாங்காமல், இருக்கும் பாகங்களை இடம் மாற்றிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

உதாரணத்துக்கு பி0302 வந்திருக்கிறது. இன்ஜின் ஆறியதும் இரண்டாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றில் போடுங்கள், மூன்றின் காயிலை இரண்டில். அநேகமாகப் பத்து எம்எம் போல்ட் ஒன்றுதான் இருக்கும். ஒயர் வந்து சேரும் கப்ளரின் பூட்டை அமுக்கி இழுங்கள். பழைய பிளாஸ்டிக் பட்டென்று உடையும், பொறுமையாகச் செய்ய வேண்டும். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் போயிருக்கிறது. ஒன்று 1,500 முதல் 3,500. ஒரு காயில் போனதற்காக நான்கையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. வண்டி லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் இன்னொன்றும் சில மாதங்களில் போகலாம் என்பது உண்மைதான், ஆனால் அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கோடு பி0302 என்றே வந்தால் அதே முறையில் பிளக்கை மாற்றிப் பாருங்கள். கழற்றிய பிளக்கை உடனே திருப்பிப் போட்டுவிடாதீர்கள், அது நிறைய சொல்லும். நல்ல வெளிச்சத்தில் வெள்ளைப் பீங்கானைச் சுற்றிப் பாருங்கள். மேலிருந்து கீழே பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தால், ஸ்பார்க் முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்பக்கம் வழியாகவே இன்ஜின் உடம்பில் இறங்கியிருக்கிறது. துடைத்தால் போகாது. அந்தப் பிளக்கோடு அதன் மேல் உட்காரும் காயிலின் ரப்பர் உறையையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஏனென்றால் ரப்பரின் உட்பக்கத்திலும் அதே கறுப்புக் கோடு இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் புதுப் பிளக்கிலும் அதே இடத்தில் கறுப்புக் கோடு விழும். "பிளக் மாற்றி ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது" என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

முனையில் தெரிபவை: வெளிர் பழுப்பு என்றால் நல்ல எரிப்பு. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் ஸ்பார்க் வரவில்லை. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இன்ஜினுக்குள்ளிருந்து ஆயில் ஏறுகிறது, அதற்குக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சாதாரண நிக்கல் பிளக் ஒன்று 150 முதல் 300. இரிடியம் 600 முதல் 1,000. நிக்கலை 30,000–40,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். இரிடியம் லட்சம் வரை போகும். சந்தையில் போலிப் பிளக்குகள் நிறைய, பழகிய ஸ்பேர்ஸ் கடையிலேயே பில்லோடு வாங்குங்கள். புதுப் பிளக்கை முதலில் கையாலேயே கடைசி வரை திருக வேண்டும். வாஷர் உள்ள வகையென்றால் அதற்குப் பின் ஸ்பானரில் சுமார் அரைச் சுற்று போதும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். கோணலாக ஏறி மரை போனால் லேத்துக்குத்தான் போக வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்கில் கை வைக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான்.

காயிலும் பிளக்கும் இடம் மாறியும் கோடு மாறவில்லையா? இனி பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேளுங்கள். எல்லாம் "டிக் டிக்" என்று ஒரே மாதிரி அடிக்க வேண்டும். ஒன்று மட்டும் ஊமையாக இருந்தால் முதலில் அதன் கப்ளரையும் ஒயரையும் பாருங்கள். அடித்தும் மிஸ் ஆனால் அடைப்பாக இருக்கலாம். நான்கையும் கழற்றி மெஷினில் வைத்துச் சுத்தம் செய்ய 1,500 முதல் 3,000. நான்கின் தெளிப்பையும் கண்ணாடிக் குழாயில் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டாத இடத்தில் கொடுக்க வேண்டாம். டாங்கில் ஊற்றும் கிளீனர் லேசான அடைப்புக்கு உதவும், செத்த இன்ஜெக்டரை எழுப்பாது.

இங்கே ஒரு எல்லை இருக்கிறது. டர்போ டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியென்றால் பெட்ரோல் லைனில் நீங்களும் கை வைக்கக் கூடாது, தெரு முனைப் பட்டறையிலும் கொடுக்கக் கூடாது. அதில் அழுத்தம் நூறு பாரைத் தாண்டும், தோலைக் கிழித்து உள்ளே இறங்கிவிடும். ஒரு இன்ஜெக்டரே பத்தாயிரத்தைத் தாண்டலாம். அந்த வண்டிகளில் இன்டேக் வால்வின் பின்புறம் கரி கட்டுவதும் மிஸ்ஸிங்குக்குக் காரணமாகும். அதைச் சுத்தம் செய்யத் தனிக் கருவி வேண்டும்.

இதுவரை சொன்ன எதுவும் இல்லையென்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பார்க்க வேண்டும். பட்டறையில் 500 முதல் 1,500 வாங்குவார்கள், கொடுக்கத் தகுந்த காசு. பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களில் 150 முதல் 200 பிஎஸ்ஐ வரும். அளவைவிட ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம்தான் முக்கியம்: 10–15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் பேக்கிங் (ஹெட் கேஸ்கட்). பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து குறைந்திருந்தால், நடுவில் ஹெட் கேஸ்கட் ஓட்டை விழுந்திருக்கிறது.

## காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் அரை நிமிடம் மிஸ் ஆகிறது

பேட்டரி, பிளக் இரண்டையும் முதலில் பாருங்கள். பழைய பேட்டரி ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜை ரொம்ப இறக்கிவிட்டால் ஸ்பார்க்கும் பலவீனமாகும்.

அது இல்லையென்றால் கூலன்ட்டைப் பாருங்கள். ஆறிய இன்ஜினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடும். தண்ணீர் மட்டம் வாரா வாரம் குறைகிறது, தரையில் கசிவு இல்லை, காலையில் வெள்ளைப் புகையோடு ஒரு சிலிண்டர் விட்டு விட்டு எரிகிறது: மூன்றும் சேர்ந்தால் இரவெல்லாம் கூலன்ட் சொட்டுச் சொட்டாக அந்தச் சிலிண்டருக்குள் இறங்குகிறது. வெள்ளைப் புகை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், குளிர் காலையில் நீராவி எல்லா வண்டியிலும் வரும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி நிறத்தில் கூழ் இருந்தால் அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் மட்டம் பார்த்து, பேக்கிங் போட்டு முடிக்க 12,000 முதல் 25,000. ஹெட் வளைந்தோ வெடித்தோ இருந்தால் அதற்கு மேல். "ரேடியேட்டரில் ஒரு பாட்டில் ஊற்றினால் அடைத்துவிடும்" என்று விற்கும் மருந்து ஹீட்டர், ரேடியேட்டர் இரண்டையும் சேர்த்து அடைத்துவிடும். வாங்காதீர்கள்.

## மேடு ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் விட்டு விட்டு இழுக்கிறது

லோடு ஏறும்போது ஸ்பார்க் தாவுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். ஐடிலில் தப்பித்துக்கொள்ளும் அரைகுறைக் காயிலும், இடைவெளி விரிந்த பிளக்கும் இங்கே மாட்டிக்கொள்ளும். அதனால் முதலில் பிளக் இடைவெளி. பெரும்பாலான வண்டிகளுக்கு 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் உண்டு. இரிடியம் முனையில் ஃபீலர் கேஜை அழுத்தித் தேய்க்காதீர்கள்.

அது சரியென்றால் பெட்ரோல் வரத்து. டாங்கை எப்போதும் கால்வாசிக்குக் கீழே வைத்து ஓட்டுபவர்களுக்குப் பம்ப் சீக்கிரம் தேயும், ஏனென்றால் பம்ப்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றி நிற்கும் பெட்ரோல்தான். ஃபில்டர் பல வண்டிகளில் டாங்குக்குள் பம்ப்போடு சேர்ந்தே இருக்கிறது. கேஜ் வைத்துப் பார்த்தால் சாதாரண இன்ஜெக்ஷன் வண்டியில் 3 முதல் 4 பார் நிற்க வேண்டும், ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது விழக் கூடாது. பம்ப் மாட்யூல் 4,000 முதல் 9,000. அழுத்தம் அளந்து காட்டாமல் பம்ப் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பெட்ரோல் போட்ட அன்றே தொடங்கிய மிஸ்ஸிங் என்றால் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். இப்போது வரும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை உள்ள எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கொஞ்சம் பெட்ரோலை வெளியே எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் அரை மணி நேரம் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டாங்கை இறக்கிக் காலி செய்ய வேண்டும். பில்லையும் பாட்டிலையும் பத்திரமாக வையுங்கள், பங்கில் புகார் கொடுக்கத் தேவைப்படும்.

மேட்டில் மட்டுமல்ல, எங்கேயும் எண்பதைத் தாண்டவில்லை, இன்ஜின் மூச்சுத் திணறுகிறது என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். மிஸ்ஸிங்கை முதலில் சரி செய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் போடவே கூடாது. அதுவும் அதே வழியில் போய்விடும்.

## மழைக்கு அப்புறம், அல்லது வாட்டர் வாஷுக்கு அப்புறம்

தண்ணீர் பிளக் குழிக்குள் இறங்கியிருக்கும். காயிலைத் தூக்கியதும் அடி ரப்பர் ஈரமாக வரும். குழிக்குள் டார்ச் அடித்தால் பிளக்கின் ஆறு பட்டைத் தலை துருப்பிடித்த செம்மண் நிறத் தண்ணீரில் பாதி மூழ்கி நிற்பது தெரியும். பிளக்கை உடனே கழற்றாதீர்கள். கழற்றினால் அந்தத் தண்ணீர் முழுக்க சிலிண்டருக்குள் போகும். முதலில் துணித்திரியோ ஊசி சிரிஞ்சோ விட்டு எடுத்து, கம்ப்ரசர் காற்று அடித்துக் காயவைத்து, அப்புறம் பிளக். காயிலின் மேல் வளைய ரப்பர் காய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், சில நூறு ரூபாய்தான். இன்ஜின் பக்கம் பிரஷர் வாஷ் வேண்டாம் என்று வாஷ் கடையில் சொல்லிவிடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரும், பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொண்டுபோகும் எச்டி ஒயரும் உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்கள், இருட்டில் பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஒயரில் கசிவு இருந்தால் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கை மட்டும் வைக்காதீர்கள், அதில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட்.

மழைக்காலத்தில் எலியும் வரும். பத்து நாள் நிறுத்திய வண்டி திடீரென்று மிஸ் அடித்தால், பேட்டரிக்கு அடியிலும் இன்ஜின் மேல்மூடியின் கீழும் கந்தல் துணி, தேங்காய் நார், சுவரொட்டித் துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் இன்ஜெக்டர், காயில் ஒயர்களை விரலால் தடவிக்கொண்டே போங்கள். பல் பட்ட இடம் சொரசொரப்பாகத் தட்டுப்படும். ஒரு நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் 500, 1,000 ரூபாயில் ஒட்டுப்போட்டு ஸ்லீவ் மாட்டிவிடுவார். முழு ஒயரிங் செட்டையே மாற்ற வேண்டும் என்று பல ஆயிரங்களுக்கு எஸ்டிமேட் வந்தால் முதலில் இவரிடம் காட்டுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி மட்டும் தனிக் கதை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகளை, "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியே இன்ஜினை இழந்தவர்கள் உண்டு. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுக்காவிட்டால் சாதாரண இன்சூரன்ஸ் இந்தச் சேதத்துக்குப் பணம் தராது. சாவியைத் தொடாமல் டோ செய்யுங்கள்.

## நன்றாகச் சூடான பிறகுதான் மிஸ் ஆகிறது, சில நேரம் நின்றே போகிறது

ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். பட்டறையில் காட்டும்போது சரியாக இருக்கும். அதனால்தான் ஃப்ரீஸ் ஃப்ரேம் படம் தேவை என்றேன்.

காயில் சூட்டில் மட்டும் விடுவது சாதாரணம். சூடான நிலையிலேயே இடமாற்றிப் பார்க்க வேண்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பி0335 அல்லது பி0340 இருந்தால் கிராங்க், கேம் தண்டுகளின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் அல்லது கேம் சென்சார். 800 முதல் 3,000க்குள் முடியும். ஆர்பிஎம் முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து இன்ஜின் நின்றால் கிராங்க் சென்சாரைத்தான் முதலில் பார்ப்பேன்.

கேம், கிராங்க் இரண்டுக்கும் பொருத்தம் இல்லை என்று கோடு வந்து, காலை ஸ்டார்ட்டில் முன்பக்கம் கரகரவென்று சத்தமும் இருந்தால் டைமிங் செயின் நீண்டிருக்கிறது. இதைத் தள்ளிப் போடக் கூடாது. பல் தாண்டினால் வால்வ் பிஸ்டனில் இடிக்கும் இன்ஜின்கள் உண்டு. செயின் கிட்டும் கூலியும் சேர்த்து 8,000 முதல் 20,000.

## கேஸில் மட்டும் மிஸ், பெட்ரோலில் சரி

சிஎன்ஜிக்கும் எல்பிஜிக்கும் ஸ்பார்க் இன்னும் பலமாக வேண்டும். பெட்ரோலில் சமாளிக்கும் பிளக் கேஸில் தோற்றுவிடும். பிளக்கைச் சீக்கிரமாக, 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அதற்குப் பின் கேஸ் ஃபில்டர், ரெட்யூசர், கேஸ் இன்ஜெக்டர். இவற்றை அதற்கென்று உள்ள சென்டரில் மட்டும் பார்க்க வேண்டும், லீக் டெஸ்ட் செய்யாமல் வெளியே விடக் கூடாது.

இரண்டிலும் மிஸ், சூடானால் அதிகம், கேஸில் பல ஆண்டுகளாக ஓடிய வண்டி என்றால் டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி) பாருங்கள். வால்வ் சீட் அமுங்கி, இடைவெளி இல்லாமல் போய், வால்வ் முழுதாக மூடாமல் நிற்கும். அட்ஜஸ்ட் செய்ய 1,000 முதல் 3,000தான். விட்டால் வால்வ் கருகி ஹெட் வேலை ஆகிவிடும்.

## பிளக்கில் ஆயில்

எந்த இடத்தில் ஆயில் என்று பாருங்கள். மரைக்கு மேலே, குழியில் நின்றால் டேப்பெட் கவர் பேக்கிங்கும் பிளக் குழாய் சீலும்தான். 800 முதல் 2,500, பயப்பட ஒன்றுமில்லை. எரியும் முனையில் ஆயில், ஆக்சிலேட்டர் விட்டுப் பிடிக்கும்போது நீலப் புகை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் ஆயில் குறைகிறது என்றால் வால்வ் சீல் அல்லது ரிங். எதைப் பிரிப்பதற்கு முன்னும் கம்ப்ரஷன் ரிப்போர்ட் எழுத்தில் வேண்டும்.

## பி0300: ஒரு சிலிண்டர் என்று நிற்காமல் மாறி மாறி

எல்லாக் காயிலும் ஒரே நாளில் போகாது. எல்லாவற்றுக்கும் பொதுவானதைப் பாருங்கள்: கெட்ட பெட்ரோல், காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம், பேட்டரி எர்த் ஒயர், உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், டைமிங். எர்த் ஒயரை மறக்காதீர்கள். பச்சை பிடித்த முனையைத் தேய்த்து இறுக்கியதும் சரியான வண்டிகள் பல.

கூடவே பி0171 (பெட்ரோல் குறைவு என்ற கோடு) வந்தால் "ஆக்சிஜன் சென்சார் போச்சு" என்று உடனே சொல்வார்கள். மிஸ் ஆன சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வருகிறது. சென்சார் அதைப் பார்த்துத்தான் பெட்ரோல் குறைவு என்கிறது. சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. மிஸ்ஸிங் போன பிறகும் அந்தக் கோடு திரும்ப வந்தால் அப்போது சென்சாரைப் பார்க்கலாம். 2,500 முதல் 6,000 மிச்சம்.

## எவ்வளவு வரை செலவு செய்யலாம்

ஐயாயிரத்துக்குள் முடிவது எதுவானாலும் யோசிக்காமல் செய்யுங்கள். மிஸ்ஸிங்கோடு ஓட்டினால் பெட்ரோலிலும் கன்வெர்ட்டரிலும் அதைவிட அதிகமாகப் போகும். ஸ்கேன், கம்ப்ரஷன், பெட்ரோல் அழுத்தம் என்று பரிசோதனைக்குக் கேட்கும் 1,000, 2,000 ரூபாயில் பேரம் பேசாதீர்கள். "செக்கிங் ஃப்ரீ" என்று சொல்பவர் அந்தக் காசைப் பாகத்தில்தான் எடுக்க வேண்டியிருக்கும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஹெட் வேலை வரை போனால் இரண்டு கேள்வி. வண்டியை இப்படியே விற்றால் என்ன கிடைக்கும்? சரி செய்து விற்றால் என்ன கிடைக்கும்? அந்த வித்தியாசம் எஸ்டிமேட்டைவிடக் கூடுதலாக இருந்தால் செய்யலாம். இன்னும் மூன்று நான்கு வருடம் நீங்களே ஓட்டப் போகிறீர்கள், பாடியில் துரு இல்லை, கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்றால் 20,000 ரூபாய் ஹெட் வேலை நியாயமானது. ரிங், பிஸ்டன், போர் என்று முழு இன்ஜின் வேலை 40,000 முதல் 90,000 வரை போகும். ஒன்றரை லட்சம் பெறாத வண்டிக்கு அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. எஃப்சி (தகுதிச் சான்று) நெருங்கும் பதினைந்து வருட வண்டியென்றால் இன்னும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது வழி பழைய இன்ஜின். சென்னையில் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும். ஓட்டிக் காட்டி, நான்கு சிலிண்டர் கம்ப்ரஷனும் உங்கள் கண் முன் அளந்து, அந்த இன்ஜின் வந்த வண்டியின் ஆர்சி நகலும் பில்லும் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். இன்ஜின் நம்பர் மாறுவதால் ஆர்டிஓவில் விண்ணப்பித்து ஆர்சியில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் வண்டியை விற்கும்போதும் சிக்கல் வரும். பேப்பர் இல்லாத இன்ஜின் பாதி விலைக்குக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அது திருட்டு வண்டியினுடையதாக இருந்தால் போலீஸ் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.